சுகர் லேண்ட் குறிப்பு: என் மகள் வாசிக்க மறுத்த பக்கம்

எங்க வீட்ல ஒரு நாலு பக்கத் தமிழ்க் குறிப்பு இருக்கு. 2013-ல் என் மாமியாரும் மாமனாரும் முதல் தடவை ஊரிலிருந்து வந்தப்போ நான் தட்டச்சு செய்தது. தலைப்பு: ‘நம்ம ஊர் சுகர் லேண்ட்’. ஆறு வயசுல ஹூஸ்டனுக்கு வந்து இங்கேயே வளர்ந்தவள் நான். நாலு பக்கம் தமிழில் எழுதினதே எனக்குப் பெரிய விஷயம். அதனால் அதைப் பத்திரமா வச்சிருந்தேன். யார் வீட்டுக்குப் பெரியவங்க வந்தாலும் ஒரு பிரதி அனுப்புவேன். வார இறுதித் தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பாடமாகவும் அது போயிருக்கு.

போன குளிர்காலம் மாமனார் மறுபடி வந்தார், இந்தத் தடவை தனியா. முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடிச்சுக்கிட்டே, பதினாறு வயசு மகளிடம் அந்தக் குறிப்பைக் கொடுத்து, “தாத்தாவுக்கு வாசிச்சுக் காட்டு”ன்னு சொன்னேன். அவளுக்கும் தமிழ்ப் பயிற்சியாச்சு, அவருக்கும் பொழுது போச்சு.

முதல் பக்கத்துலயே சிரிக்க ஆரம்பிச்சுட்டா. ஊரோட பேஸ்பால் அணி ‘ஸ்கீட்டர்ஸ்’ன்னு எழுதியிருந்தேன். 2022-லேயே அது ‘ஸ்பேஸ் கவ்பாய்ஸ்’ ஆயிடுச்சு. ஊருக்குப் பேச ஸ்கைப் போடுங்கன்னு இருந்தது. அது 2025 மே மாசம் மூடியாச்சு. ‘எங்க பக்கம் வெள்ளம் வராது’ன்னு ஒரு வரி. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்து, பிராசஸ் ஆறு பொங்கி, எங்க தெருவில் பாதிப் பேர் மூட்டை கட்டிக் கிளம்பினது அவளுக்கே நினைவிருக்கு. நானும் சேர்ந்து சிரிச்சேன்.

மூணாவது பக்கம் ஊர் வரலாறு. சர்க்கரை ஆலையால் பெயர் வந்தது, இம்பீரியல் சுகர் நிறுவனம் தன் தொடக்கமாக 1843-ஐச் சொல்கிறது, தொழிலாளர்களுக்கு வீடும் கடையும் கட்டிக் கொடுத்து நிறுவனமே ஒரு ஊரை உண்டாக்கியது என்றெல்லாம் எழுதியிருந்தேன். பாதியில் நிறுத்திட்டா.

“அம்மா, அந்த 95 பேர் எங்கே?”

“இது 2013-ல எழுதினதுடி. அவங்களைக் கண்டுபிடிச்சது அப்புறம்தானே?”

“ஆனா போன வருஷமும் இதையேதான் கிளாஸ்ல குடுத்தே. நான் இதை வாசிக்க மாட்டேன்.”

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. மாமனார் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “என்னம்மா 95 பேரு?”

தெரியாதவங்களுக்காக இங்கேயும் சொல்லிடறேன். 2018 பிப்ரவரியில், ஃபோர்ட் பெண்ட் பள்ளி மாவட்டம் இங்கே ஜேம்ஸ் ரீஸ் தொழிற்கல்வி மையத்துக்கு நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்பு கிடைச்சது. தொல்லியல் ஆய்வாளர்கள் தோண்டத் தோண்ட மொத்தம் 95 கல்லறைகள். ஒருவர் பெண், மற்றவர்கள் ஆண்கள். சின்னவருக்கு 14 வயசு இருக்கலாம், மூத்தவருக்கு 70 என்று கணித்தார்கள். எல்லாரும் கறுப்பினத்தவர். பெயர்ப்பலகை எதுவும் இல்லை.

1865-ல் டெக்சஸில் அடிமை முறை முடிஞ்சது. கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் போச்சு. ஆனால் அடிமை முறையை ஒழித்த சட்டத் திருத்தத்திலேயே, குற்றத்துக்குத் தண்டனையாக வேலை வாங்கலாம் என்று ஒரு விலக்கு இருந்தது. சின்னச் சின்னக் காரணத்துக்கெல்லாம் கறுப்பினத்தவரைச் சிறையில் போட்டு, அந்தக் கைதிகளை அரசு தனியாருக்குக் கொடுத்தது. 1878-ல் கன்னிங்ஹாம், எல்லிஸ் என்ற இரண்டு தோட்ட முதலாளிகள் டெக்சஸ் சிறைக்கைதிகளை ஒட்டுமொத்தமாக எடுத்தார்கள். எங்க ஊர்க் கரும்பு வயல்கள் அவர்களுடையவை. சதுப்பு நிலம், காய்ச்சல், சாட்டை. செத்தவரை அங்கேயே புதைத்தார்கள். 1910-களின் தொடக்கத்தில் இந்த முறை முடிவுக்கு வந்த பிறகும், இதே பகுதியில் அரசே சிறைப்பண்ணை நடத்தியது. அதன் கடைசி மிச்சமான சென்ட்ரல் யூனிட் மூடியது 2011-ல்தான். அப்போ நான் இந்த ஊரில் வீடு வாங்கி இருந்தேன். அந்தச் சுவரைத் தாண்டித்தான் தினம் வேலைக்குப் போனேன்.

அங்கே கல்லறைகள் இருக்கும் என்று முன்கூட்டியே சொன்ன ஒருவர் உண்டு: ரெஜினால்ட் மூர். முன்பு சிறைக்காவலராக இருந்தவர். பல வருஷம் தானே தேடிப் படித்து, அதிகாரிகளிடம் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்தவர். 2019 நவம்பரில் அந்த 95 பேரையும் அதே இடத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். அடுத்த வருஷம் மூர் காலமானார்.

இதை மாமனாருக்கு மகள்தான் சொன்னா. பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். ‘லீஸ்’ என்ற சொல்லுக்கு வந்ததும் தடுமாறினா. “கைதியை... வாடகைக்கு?” என்றாள்.

“குத்தகை”ன்னார் அவர். கொஞ்ச நேரம் பேசல. “நிலத்தைக் குத்தகைக்கு விடுவாங்க, மாந்தோப்பை விடுவாங்க. மனுசனையா விட்டாங்க, பாப்பா?”

அப்புறம் எனக்கே தெரியாத ஒரு கதையைச் சொன்னார். அவருக்கு வேலூர் பக்கத்துக் கிராமம். அவருடைய தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். பஞ்ச காலத்துக்கு அப்புறம் ஒரு நாள் ஏஜெண்டு பேச்சை நம்பி, கட்டைவிரல் ரேகை வச்சு, கப்பலேறி நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவர். ஒரே ஒரு கடுதாசி வந்ததாம். அவ்வளவுதான். “எங்க பாட்டி சாகற வரைக்கும் ஆடி அமாவாசைக்கு அவருக்கும் ஒரு இலை போடுவா. செத்தாரா இருக்காரான்னே தெரியாம போட்ட இலை”ன்னார்.

மகள் உடனே ஃபோனை எடுத்துத் தேட ஆரம்பிச்சா. சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது 1860 நவம்பர் 16. நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது 1911. அவ ரெண்டு காகிதத்தையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா. ஏறக்குறைய அதே வருஷங்கள், அதே பயிர். ஒப்பந்தக் கூலியும் கைதிக் குத்தகையும் ஒன்றல்ல என்று நான் சொன்னேன். ஒருவர் கையெழுத்து வைத்துப் போனார், மற்றவரைச் சங்கிலி போட்டுக் கொண்டு போனார்கள். “சரி, அதையும் எழுதும்மா”ன்னா.

அடுத்த மூணு வாரம் நாங்க மூணு பேரும் உட்கார்ந்து அந்தக் குறிப்பைத் திருத்தினோம். நிறைய வீடுகளில் இப்படி ஒரு பழைய தாள் இருக்கும்: ஊர்க் குறிப்பு, சமையல் நோட்டு, குடும்ப மரம், தமிழ் வகுப்புப் பாடம். அதனால் நாங்க செஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல, ஒவ்வொரு வரியையும் மூணு வகையாப் பிரிச்சோம். ஃபோன், கடை, பஸ், இன்சூரன்ஸ் மாதிரி வருஷா வருஷம் மாறுவது ஒன்று. பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு எப்படிப் போவது, வெயிலில் எந்நேரம் நடக்கக் கூடாது என்பது மாதிரி அவ்வளவாக மாறாதது ரெண்டாவது. எழுதினபோதே அரைகுறையா இருந்தது மூணாவது. முதல் வகைக்கு ஓரத்தில் தேதி போட்டால் போதும். படிக்கிறவர் தானே கணக்குப் பண்ணிக்குவார். நேரம் முழுக்க மூணாவது வகைக்குத்தான் போச்சு.

ரெண்டாவது, தப்பான வரியை நான் அழிக்கப் போனேன். மாமனார் தடுத்தார். “இருக்கட்டும்மா. நீ இப்படி நெனச்சேன்னு தெரியணும் இல்ல?” அதனால் பழைய வரி அப்படியே இருக்கு. கீழே ‘2013-ல் இப்படி எழுதினேன், இப்போது தெரிந்தது இது’ என்று சேர்த்தோம். என் மகளுக்கு நான் கொடுக்கக்கூடியதில் இது முக்கியமானதுன்னு இப்போ தோணுது. அம்மாவும் தெரியாம எழுதுவா, தெரிஞ்சதும் திருத்துவா.

மூணாவது, சரிபார்க்கும் வேலையைப் பிள்ளைகிட்டயே கொடுத்தோம். எனக்கு ஊர் பழகிப் போச்சு, அதனால் எதுவும் கண்ணில் படல. அவளுக்குப் பட்டது. தமிழ்ல எழுதச் சொன்னா முன்னெல்லாம் முகத்தைத் தூக்கி வச்சுப்பா. இந்தப் பக்கத்துக்கு ‘குத்தகை’, ‘அடக்கம்’, ‘ஒப்பந்தம்’ன்னு அவளே கேட்டுக் கேட்டு எழுதினா. எழுத்துப் பிழை இருக்கு. நான் ரெண்டை மட்டும் திருத்தினேன்.

தமிழ் வகுப்பில் சில பெற்றோர் கேட்டாங்க, சின்னப் பிள்ளைகளுக்கு இது வேணுமான்னு. நியாயமான கேள்விதான். ஏழு வயசுக்காரங்களுக்கு ‘இங்கே கரும்பு வெட்டினவங்க விருப்பப்பட்டு வரல, அவங்க பெயர் நமக்குத் தெரியாது’ என்று ரெண்டு வரி. பெரிய வகுப்புக்கு முழுப் பக்கம். இப்போதைக்கு அப்படி வச்சிருக்கோம்.

வருஷத்துக்கு ஒரு நாள் அந்தக் குறிப்பை எடுத்துப் பார்க்கணும்னு முடிவு. எந்த நாள்னு கேட்டதும் மகள் பொங்கல்னா. இந்தப் பொங்கலுக்கு இந்தியக் கடையில் கரும்பு வாங்கி வந்தோம். மாமனார் வாசல்ல உட்கார்ந்து, சின்னவனுக்குக் கணுக்கணுவா வெட்டிக் கொடுத்தார். ஒரு துண்டைத் தனியா எடுத்து இலையில் வச்சார். யாருக்குன்னு நான் கேட்கல. மகள் இன்னொரு துண்டை எடுத்து அதுக்குப் பக்கத்துல வச்சா.