தராசைப் பார்க்காமல் சரக்கைக் குறை சொன்னோம்

வந்த சரக்கில் எடை குறைந்தால் முதலில் நம் தராசைச் சரிபார்ப்போம். அதன் பிறகே அனுப்பியவரைக் கேட்போம். மொத்த வியாபாரத்தில் நாம் கைக்கொண்டு வரும் முறை இது. ஆனால் சங்கக் கட்டிடத்தில் இன்டர்நெட் வேகம் குறைந்தபோது இந்த முறையை மறந்துவிட்டோம். மற்ற ஊர்ச் சங்கங்களுக்கும் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறோம்.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, கடையில் கம்ப்யூட்டர் இல்லாத சிறு வியாபாரிகள் நம் மாடிக் கூடத்தில் வந்துதான் கணக்குத் தாக்கல் செய்கிறார்கள். ஒரு மாதம் 20-ஆம் தேதி, 3-பி படிவத்திற்குக் கடைசி நாள். கூடம் நிறைந்திருந்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான்கு பேரால் தாக்கல் செய்ய முடியவில்லை. வரி உள்ள கணக்குக்குத் தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய். "சங்கத்துக்குச் சந்தாவும் கட்டி, அபராதமும் கட்டணுமா அண்ணாச்சி?" என்று ஒரு பலசரக்குக் கடைக்காரர் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

கோபம் முழுவதும் இணைப்புக் கொடுத்த கம்பெனி மீது திரும்பியது. போனில் சத்தம் போட்டோம். இணைப்பை மாற்றுவது, இரு மடங்கு கட்டணத் திட்டம் எடுப்பது என்று செயற்குழுவில் பேசி முடித்தோம். பார்க்க வந்த பையனையும் கடிந்து பேசினோம்.

அவர் பதில் பேசவில்லை. தம் லேப்டாப்பை வயர் மூலம் நேராகப் பெட்டியில் இணைத்தார். நாம் வாங்கியது 100 மெகாபிட். 90-க்கு மேல் காட்டியது. அதே லேப்டாப்பைக் கூடத்துக்கு எடுத்துச் சென்று வயர் இல்லாமல் பார்த்தார். 6 காட்டியது. "வாசல் வரைக்கும் சரக்கு சரியா வருது அய்யா. உள்ளேதான் சிந்துது" என்றார்.

எங்கே சிந்தியது? வைஃபை பெட்டியைத் திருட்டுப் போகாமல் இருக்க இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியவர்கள் நாமே. இரும்பு அலையை மறிக்கும் என்பது நமக்குத் தெரியாது. பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி வைத்திருந்தோம். கீழ்க்கடைகளின் போன்கள் எல்லாம் நம் இணைப்பில் இருந்தன. போனில் எடுக்கும் படங்களும் கண்காணிப்புக் கேமராவின் பதிவுகளும் இதே வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தன. வெளியே போகும் பாதை அடைத்தால் உள்ளே வருவதும் தாமதப்படும். ஒரே வாசலில் ஏற்றும் இறக்கும் வண்டிகள் முட்டி நிற்பது போலத்தான்.

பெட்டியைக் கூடத்தின் நடுச்சுவரில் உயரமாக மாட்டினோம். கணக்கு எழுதும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் வயர் இழுத்தோம். பாஸ்வேர்டை மாற்றி, வந்து போவோருக்கு வேகம் குறைத்துத் தனி இணைப்பு வைத்தோம். கேமராப் பதிவைக் கட்டிடத்திலேயே சேமிக்கச் செய்தோம். வயர் வாங்கிய காசுதான் செலவு. மறு மாதம் 20-ஆம் தேதி ஒருவரும் காத்திருக்கவில்லை.

உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. வேகம் குறைந்தால் முதலில் வயர் மூலம் அளந்து பாருங்கள். அதிலும் குறைந்தால் மட்டும் கம்பெனியைக் கேளுங்கள்.

2. எட்டு மெகாபிட் சேர்ந்தது ஒரு மெகாபைட். 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் இறங்காது. இதை எடைக்குறைவு என்று எண்ணக் கூடாது.

3. மற்ற தளங்கள் திறந்து, வரித் தளம் மட்டும் திறக்காவிட்டால் நெரிசல் அங்கேதான். கடைசி நாள் வரை காத்திருப்பதை நாம்தான் கைவிட வேண்டும்.

செயற்குழுவில் எடுத்த முடிவை ரத்து செய்துவிட்டோம். அந்தப் பையனை அழைத்து, நாம் பேசியது தவறு என்று கூட்டத்திலேயே சொன்னோம். தராசு சரியில்லாமல் ஒருவரைக் குறை சொன்னால், அதைத் திருத்துவதும் வியாபார நாணயம்தானே.