மின்பம்பியும் மெல்லிய கம்பியும்

வவுனியாவிலிருந்து ஏ9 பெருந்தெரு வழியே வடக்கு நோக்கிச் செல்லுங்கால் எதிர்ப்படும் புளியங்குளத்தில், சிறுபோகத்து மிளகாய்க்கும் கத்தரிக்கும் கிணற்று நீரே கதி. கிணறு வீட்டிலிருந்து 100 மீற்றர் தள்ளியிருப்பின், கமக்காரர் சிலர் விலை குறைந்த மெல்லிய கம்பியை அதுவரை இழுத்துவிடுகின்றனர். பயிர் பூக்கும் வேளையில் மோட்டார் சுழலாது இரைந்து, சுருள் கருகிவிடுகின்றது. பழி பம்பி விற்றவர்மீது விழும். குற்றம் பெரும்பாலும் கம்பியுடையது.

ஒடுங்கிய நீண்ட குழாயில் நீர் தளர்ந்து வருவதைக் கமக்காரர் அறிவர். மின்னும் அவ்வாறே. நீரைத் தள்ளும் அழுத்தம் போன்றது வோல்ற்று. ஓடும் நீரின் அளவு போன்றது அம்பியர். குழாயின் ஒடுக்கம் போன்றது தடை, அதன் அலகு ஓம். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை. இரண்டையும் பெருக்கினால் வலு, அதாவது உவாற்று. தடைபற்றிய விதியை 1827ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ஓம் என்பவர் செர்மனி நாட்டுப் பாடசாலை ஆசிரியராவார்.

230 வோல்ற்றில் எரியும் 60 உவாற்று இழைக்குமிழ் ஏறக்குறைய 0.26 அம்பியர் எடுக்கும். 230ஐ 0.26ஆல் வகுக்கத் தடை சுமார் 880 ஓம். அணைந்து குளிர்ந்த குமிழை மானியால் அளந்தால் இதில் பத்திலொரு பங்களவே காட்டும். மானி பழுதன்று, இழை சூடேறத் தடையும் ஏறும்.

இனிக் கிணற்றுக்கு வருவோம். ஒரு பரிவலு மோட்டார் ஓடுகையில் 6 அம்பியர் எடுப்பதாகக் கொள்க. மின் சென்று திரும்ப வேண்டுமாகையால் 100 மீற்றர் தூரத்திற்குக் கம்பியின் நீளம் 200 மீற்றர். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்புக் கம்பியாயின் அதன் தடை சுமார் 2.3 ஓம். ஆறால் பெருக்க, ஏறக்குறைய 14 வோல்ற்று வழியிலேயே இழக்கப்படும். மாலையில் வீட்டிலேயே 216 வோல்ற்று இருப்பின் மோட்டாருக்குக் கிட்டுவது 202 மட்டுமே. கம்பியில் வீணாகும் வலுவோ 14ஐ 6ஆல் பெருக்க 84 உவாற்று. கம்பியைச் சூடாக்குவதன்றி அதனாற் பயனில்லை.

தொடக்கமே பெருஞ்சோதனை. புறப்படும் கணத்தில் மோட்டார் வழமையின் ஐந்து மடங்கு மின்னை இழுக்கக்கூடும். 30 அம்பியரை 2.3ஆல் பெருக்க 69 வோல்ற்று இழப்பு. எஞ்சிய அழுத்தத்தில் மோட்டார் புறப்படாது நின்று கருகும். 4 சதுர மில்லிமீற்றர் கம்பியில் தடை 0.86 ஓம், ஓடுகையில் இழப்பு 5 வோல்ற்று, தொடக்கத்தில் 26. கம்பியின் விலை கூடுதலே. சுருளை மறுபடி சுற்றும் கூலியோடும் வாடிய பயிரோடும் அதை ஒப்பிடுக.

மோட்டாருக்கு 230ஐ 6ஆல் பெருக்கிய 1380 முழுவதையும் வலுவாகக் கொள்ளலாகாது. வலுக்காரணி 0.8 ஆயின் உண்மை வலு சுமார் 1100 உவாற்று. ஐந்து மணிநேரம் இறைத்தால் மின்பட்டியலில் 5.5 அலகு ஏறும். மோட்டாரின் வோல்ற்றை அம்பியரால் வகுத்து வரும் எண்ணும் சுருளின் தடையன்று.

அளத்தலையும் இணைத்தலையும் தகுதிபெற்ற மின்தொழிலாளரிடம் விடுக. ஈரக்கையுடன் கிணற்றடியில் சோதித்தல் ஆகாது. கம்பி வாங்கச் செல்லுமுன் கிணறுவரையுள்ள தூரத்தை நாடாவால் அளந்து, மோட்டார்த் தகட்டிலுள்ள அம்பியரையும் குறித்துச் செல்க.