ரூடி பால் ஏன் திரும்பி வந்தார்?

1932 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெர்மனி ஐஸ் ஹாக்கியில் வெண்கலம் வாங்கியது. பெரிய சாதனைன்னு நினைச்சுடாதீங்க. உலகப் பொருளாதார மந்தநிலைக் காலம். அட்லாண்டிக்கைத் தாண்டி வர ஐரோப்பிய அணிகளிடம் காசு இல்லை. மொத்தமே நாலு அணிகள்தான். கனடாவிடமும் அமெரிக்காவிடமும் தோற்று, போலந்தை மட்டும் இரண்டு தடவை ஜெயித்து மூன்றாமிடம். ஆனால் அந்த அணியில் ஆடிய ரூடி பால் நிஜமான ஆட்டக்காரர். பெர்லின்காரர், உயரம் சுமார் 163 செ.மீ. இடித்துத் தள்ளி ஆடுகிற விளையாட்டில் அந்த உடம்போடு அவர் நம்பியது வேகத்தை.

அடுத்த வருஷம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பால் யூதக் குடும்பப் பின்னணி உள்ளவர். ஜெர்மனியை விட்டுக் கிளம்பி சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஆடினார், பிறகு இத்தாலியில் மிலான் அணிக்கு. தப்பிச்சாச்சு. கதை இங்கேயே முடிந்திருக்கணும்.

1936 பிப்ரவரியில் பவேரியாவின் கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷனில் குளிர்கால ஒலிம்பிக். நியூரம்பெர்க் இனச் சட்டங்கள் வந்து ஐந்தே மாதம். போட்டியைப் புறக்கணிக்கணும்னு அமெரிக்காவில் பெரிய சண்டையே நடந்து, கடைசியில் மயிரிழையில்தான் வருவதாக முடிவானது. வெளிநாட்டுக்காரர்கள் கண்ணில் படாமல் ஊரிலிருந்த யூத எதிர்ப்புப் பலகைகளைக் கழற்றினார்கள். கூடவே காட்டுவதற்கு ஒரு யூத முகமும் தேவைப்பட்டது. (கோடையில் பெர்லினிலும் இதே தந்திரம்தான்: வாள்சண்டை வீராங்கனை ஹெலன் மேயர்.)

இன்னொரு பக்கம், அணியின் நட்சத்திரம் குஸ்டாவ் யேனெக்கே. பால் இல்லாமல் ஆடமாட்டேன் என்று அவர் அடம்பிடித்ததாகச் சொல்வார்கள். குடும்பத்தை நாட்டைவிட்டு வெளியே விடணும் என்ற பேரத்தோடுதான் பால் திரும்பினார் என்றும் ஒரு கதை உண்டு. ‘ஹிட்லருக்காக ஆடியவர்’ என்று அவரைச் சுலபமாகத் திட்டுகிறவர்களோடு என்னால் சேர முடியவில்லை. உங்க வீட்டு ஆட்கள் பெர்லினில் மாட்டிக்கொண்டிருந்தால் நீங்க என்ன பண்ணுவீங்க?

அந்த அணியில் ஆடிய ஒரே யூதர் அவர்தான். நாலு ஆட்டம் ஆடினார், பிறகு காயம். அவர் இல்லாமலே ஜெர்மனி, பின்னர் தங்கம் வென்ற பிரிட்டனோடு 1-1 என்று சமன் செய்தது. கனடாவிடம் தோற்று வெளியேறியது.

எனக்கு ஆச்சரியம் அதற்குப் பிறகுதான். ஒலிம்பிக் முடிந்து, வெளிநாட்டு நிருபர்கள் எல்லாம் ஊருக்குப் போன பிறகும் பால் பெர்லினிலேயே ஆடிக்கொண்டிருந்தார், போர்க்காலத்திலும்கூட. உயிரோடு தப்பினார். 1948-ல் தென்னாப்பிரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே நிறவெறிக் கட்சி ஆட்சியைப் பிடித்ததும் அதே வருஷம்தான், என்ன செய்ய! 1975-ல் ஜோகன்னஸ்பர்க்கில் இறந்தார்.

சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு 2004-ல் அவரைத் தன் புகழ் மன்றத்தில் சேர்த்தது. அதற்குச் சில வருஷம் முன்பே யேனெக்கே அங்கே இருந்தார்.