எட்டாம் நாள் வந்த ஆசிரியர்

வானொலி மறையுரை: திருத்தூதர் புனித தோமா திருவிழா வாரம் (யோவான் 20:24-29)



பள்ளிகள் திறந்து சில வாரங்கள் ஆகின்றன. காலையில் தாம்பரம் ரயில் நிலையத்தில் புத்தகப் பையோடு ஓடும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். மாலையில் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் டியூஷன் வீடுகளின் வாசலில் செருப்புகள் குவிந்து கிடப்பதைப் பார்க்கிறோம். கற்பதும் கற்பிப்பதும் எல்லா வீட்டுக் கவலையாகவும் இருக்கிற இந்த ஜூலை மாதத்தில்தான், 3ஆம் நாள், திருத்தூதர் புனித தோமாவின் திருவிழாவைக் கொண்டாடுகிறோம்.

தோமா நமக்கு அயலார் அல்லர். தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிப் போகிற மின்சார ரயிலில் ஏறினால், பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் கடந்ததும் அவர் பெயரைத் தாங்கிய மலை வந்துவிடுகிறது. அந்தப் பரங்கிமலையில் அவர் இரத்தம் சிந்தினார் என்பது நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த மரபு. அவரை நாம் திருத்தூதராக, மறைச்சாட்சியாக வணங்குகிறோம். அதற்கு முன் அவர் ஒரு மாணவர். ‘சீடர்’ என்று நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல்லுக்குக் ‘கற்றுக்கொள்பவர்’ என்றுதான் பொருள். நற்செய்தியில் இயேசுவை மக்கள் ‘போதகரே’ என்று அழைக்கிறார்கள். இந்தப் போதகர் இந்த மாணவரை எப்படி நடத்தினார் என்று இன்று சிந்திப்போம். பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கும், மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும், இளையோருக்கு வழிகாட்ட விரும்பும் எல்லாருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

மாணவராகத் தோமா எப்படிப்பட்டவர்? யோவான் நற்செய்தியில் அவர் பேசுவதை மூன்று இடங்களில் கேட்கிறோம். 11ஆம் அதிகாரத்தில், இலாசரின் ஊருக்குப் போனால் ஆபத்து என்று மற்றவர்கள் தயங்கும்போது, நாமும் போய் அவரோடு சாவோம் என்று துணிகிறவர் அவர். அன்பில் குறையில்லை. 14ஆம் அதிகாரத்தில், தாம் போகும் இடத்துக்கு வழி சீடர்களுக்குத் தெரியும் என்று இயேசு சொல்லும்போது, போகும் இடமே தெரியவில்லையே, வழி எப்படித் தெரியும் என்று வெளிப்படையாகக் கேட்கிறவரும் அவரே. அவர் கேட்டதால்தான், தாமே வழியும் உண்மையும் வாழ்வும் என்ற ஆண்டவரின் பதில் நமக்குக் கிடைத்தது. புரியவில்லை என்று சொன்ன ஒரு மாணவரால் திருச்சபை முழுவதும் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பயன்பெறுகிறது.

மூன்றாவது இடம் நாம் அனைவரும் அறிந்தது. உயிர்த்த ஆண்டவர் முதல் முறை வந்தபோது தோமா அங்கு இல்லை. பள்ளி வழக்கில் சொன்னால், முக்கியமான பாடம் நடந்த அன்று அவர் ஆப்சென்ட். பிறகு மற்றச் சீடர்கள் ஆண்டவரைக் கண்டோம் என்று சொல்கிறார்கள். காயங்களைப் பார்க்காமல், தொடாமல் நம்பமாட்டேன் என்கிறார் அவர்.

அடுத்த எட்டு நாள்களைக் கவனியுங்கள். நாம் அதிகம் பேசாத பகுதி இது. எட்டு நாள் கழித்துச் சீடர்கள் மீண்டும் உள்ளே கூடியிருந்தபோது தோமாவும் அவர்களோடு இருந்தார் என்கிறார் நற்செய்தியாளர். நம்பாத ஒருவரை நம்பிய பத்துப் பேரும் வெளியேற்றவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. ஒரே கூரையின் கீழ், ஒரே பந்தியில், ஒரு வாரம் அவர்கள் சேர்ந்து இருந்தார்கள். கேள்வியோடு இருக்கிற ஒருவருக்கும் அந்த வீட்டில் இடம் இருந்தது.

எட்டாம் நாள் ஆண்டவர் வருகிறார். கதவுகள் மூடியிருக்கின்றன. எல்லாருக்கும் அமைதி வாழ்த்துச் சொன்னபின் நேராகத் தோமாவிடம் பேசுகிறார். தோமா என்ன கேட்டிருந்தாரோ, அதையே சொல்லி அவரை அழைக்கிறார்: விரல், கை, விலா. மாணவருக்கு எது புரியவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறது. பத்துப் பேருக்கு நடத்தி முடித்த பாடத்தை ஒருவருக்காக மறுபடியும் நடத்துகிறார். தம் வெற்றியைக் காட்டி அவரை வாயடைக்கச் செய்யாமல், தம் காயங்களைக் காட்டுகிறார். அதோடு, ஐயத்தை விட்டு நம்பிக்கை கொள்ளும்படி திருத்தவும் செய்கிறார். அன்பு திருத்தாமல் விடுவதில்லை. ஆனால் திருத்துவதற்கு முன் அவர் அருகில் வந்தார், அந்த வரிசை முக்கியம். தோமா உண்மையில் தொட்டாரா என்று நற்செய்தி சொல்லவில்லை. அவர் அறிக்கையிட்டதை மட்டும் சொல்கிறது. இயேசுவைத் தம் ஆண்டவராகவும் கடவுளாகவும் அவர் அங்கே ஏற்றுக்கொண்டார்.

எம்மாவு வழியிலும் இதே ஆசிரியரைக் காண்கிறோம் (லூக்கா 24). மனமுடைந்து நடக்கும் இருவரோடு அவரும் சேர்ந்து நடக்கிறார். முதலில், என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். எல்லாம் அறிந்தவர், அவர்கள் வாயிலிருந்தே கேட்க விரும்புகிறார். அவர்கள் பேசி முடித்தபிறகுதான் மறைநூலை விளக்குகிறார். அதிலும் கண்டிப்பு இருக்கிறது. கடைசியில் அப்பத்தைப் பிட்டு, அவர்கள் கண்கள் திறந்ததும், மறைந்துவிடுகிறார். எருசலேமுக்குத் திரும்பி ஓடியது அவர்களுடைய சொந்தக் கால்கள். கூடவே நடப்பது, கேட்பது, விளக்குவது, பிறகு விலகி நின்று அவர்களை நடக்க விடுவது: கிறிஸ்தவ ஆசிரியப் பணி இந்த நான்கிலும் அடங்கிவிடுகிறது.

இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். நம் பகுதியோடு தொடர்புடைய ஒரு வரலாற்றைப் பார்ப்போம். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, நம் சகோதரச் சபையினரான ஸ்காட்லாந்து மறைப்பணியாளர்கள் 1837இல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. நூறு ஆண்டுகள் நகரத்துக்குள் இயங்கி, 1937இல் தாம்பரத்துக்கு வந்தது. நகரத்தில் இருந்த காலத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே தத்துவம் படித்த மாணவர்களில் ஒருவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவருடைய பேராசிரியர் ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக், ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்ட இறையியலாளர்.

அக்காலத்தில் மறைப்பணியாளர்கள் சிலர் இந்து சமயத்தைக் குறைகூறியது இளைஞர் இராதாகிருஷ்ணனின் மனத்தைப் புண்படுத்தியது. வேதாந்தத்தில் ஒழுக்க நெறிக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு மறுப்பாகவே அவர் தம் எம்.ஏ. ஆய்வுரையை எழுதினார். அது 1908இல் நூலாகவும் வந்தது. தம் ஆசிரியர் இதைப் படித்து வருத்தப்படுவாரோ என்று அவர் அஞ்சினார். நடந்ததோ வேறு. தத்துவச் சிக்கலை நன்கு புரிந்துகொண்டு, கடினமான வாதத்தைத் திறமையாகக் கையாண்டிருக்கிறார் என்று ஹாக் மனமாரப் பாராட்டிச் சான்று தந்தார்.

ஹாக் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. மாணவரும் தம் நம்பிக்கையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் ஆசிரியர் தம் கடமையை முழுமையாகச் செய்தார். தம் கருத்துக்கு மாறாக எழுதிய மாணவரின் உண்மையான உழைப்பை உண்மையாகவே மதிப்பிட்டார். அந்த மாணவர் 1962இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவர் பிறந்த செப்டம்பர் 5ஆம் நாளைத்தான் ஆசிரியர் நாளாக நாடு கொண்டாடுகிறது.

நம்பிக்கையை யாரும் வலுக்கட்டாயமாக ஊட்ட முடியாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையும்கூட. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது: கடவுளுக்கு மனிதர் தரும் பதில் மனமுவந்து தருவதாக இருக்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1975இல், திருத்தந்தை ஆறாம் பவுல் இன்னொன்றையும் நினைவூட்டினார். இக்காலத்தவர் போதிப்பவர்களைவிடச் சாட்சிகளுக்கே அதிகம் செவிசாய்க்கிறார்கள், போதிப்பவர்களுக்குச் செவிசாய்த்தாலும் அவர்கள் சாட்சிகளாக இருப்பதால்தான் என்றார். காயத்தைக் காட்டிய ஆசிரியரை நினைத்துக்கொண்டால் அதன் பொருள் எளிதில் புரியும்.

அன்பார்ந்தவர்களே, இப்போது நம் பங்குகளுக்கு வருவோம். உறுதிபூசுதல் பெறும்வரை மறைக்கல்வி வகுப்புக்கு வருகிற பிள்ளைகள், அந்த அருளடையாளம் பெற்ற மறுமாதமே காணாமல் போவதைப் பார்க்கிறோம். கேட்டால் டியூஷன், ஸ்பெஷல் கிளாஸ் என்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் அது மட்டுமா? பதினைந்து, பதினாறு வயதில் அவர்களுக்குக் கேள்விகள் எழுகின்றன. கடவுள் இருந்தால் பாட்டியின் புற்றுநோயை ஏன் குணமாக்கவில்லை? நண்பன் வேறு சமயம், அவனுக்கு மீட்பு இல்லையா? இப்படிக் கேட்டால், வாயை மூடு, சாமியை அப்படிப் பேசாதே என்று வீட்டிலும் வகுப்பிலும் சொல்லிவிடுகிறோம். அவர்களும் வாயை மூடிக்கொள்கிறார்கள். பிறகு கோவில் வாசலையும் மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு மூடிய கதவும் உண்டு. தேர்வில் தவறி, துணைத்தேர்வை எதிர்நோக்கி, உறவினர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு அறைக்குள் கிடக்கிற பிள்ளையின் கதவு. பெற்றோரில் ஒருவர் மறைமலைநகர்த் தொழிற்சாலையில் ஷிப்டுக்குப் போயிருப்பார், இன்னொருவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து இரவு ஒன்பது மணிக்குத் திரும்புவார். தாத்தா பாட்டி தூத்துக்குடியிலோ கன்னியாகுமரியிலோ இருப்பார்கள். அந்தக் கதவைத் தட்ட அருகில் யார் இருக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு ஒரு பங்குச் சமூகம் பதில் வைத்திருக்க வேண்டும். சில நேரம் ஒரு பிள்ளையின் உயிரே அந்தப் பதிலில் இருக்கிறது.

அந்தப் பதிலைத் திருச்சபை நெடுங்காலத்துக்கு முன்பே நமக்குத் தந்திருக்கிறது. அதன் பெயர் ஞானப்பெற்றோர். திருமுழுக்கில் ஞானத்தந்தையும் ஞானத்தாயும் நிற்பது புகைப்படத்துக்காகவோ தங்கச் சங்கிலி போடுவதற்காகவோ அல்ல. திருமுழுக்குப் பெற்றவர் கிறிஸ்தவ வாழ்வு வாழ உதவுவது ஞானப்பெற்றோரின் பொறுப்பு என்கிறது திருச்சபைச் சட்டம் (872). அவர்கள் பொதுவாகப் பதினாறு வயது நிறைந்தவர்களாகவும், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்று நம்பிக்கைக்கு ஏற்ப வாழ்கிறவர்களாகவும் இருக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம் (874) கேட்கிறது. அதாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரைத் தவிர நம்பிக்கையில் கூடவே நடக்கும் ஒரு மூத்தவர் ஏற்கெனவே நியமிக்கப்பட்டிருக்கிறார். அவருக்கு அது மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

எல்லாரும் போதகராக ஆசைப்பட வேண்டாம் என்று புனித யாக்கோபு தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார் (3:1). போதிப்பவர்கள் கடுமையான தீர்ப்புக்கு ஆளாவார்கள் என்கிறார். ஆகவே பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மூன்று சிறிய காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, உங்கள் ஞானப்பிள்ளையை இந்த வாரம் போனில் அழையுங்கள். மதிப்பெண்ணைக் கேட்காமல், எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கடைசிவரை கேளுங்கள்.

இரண்டாவது, மறைக்கல்வி ஆசிரியர்களே, வகுப்புக்கு வராத பிள்ளையின் பெயருக்கு நேரே கோடு போடுவதோடு நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் வராவிட்டால், அந்தத் தெருவின் அன்பியத்தாரோடு சேர்ந்து வீட்டுக்குப் போய், பெற்றோர் முன்னிலையில் பிள்ளையைப் பாருங்கள். எட்டாம் நாள் வந்த ஆண்டவரின் வருகை அது. கேள்வி கேட்கும் பிள்ளைக்கு உடனே பதில் தெரியாவிட்டால், நானும் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்பு குறையாது.

மூன்றாவது, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், வங்கியிலும் ரயில்வேயிலும் பணியாற்றியவர்கள் நம் பங்குகளில் பலர் இருக்கிறார்கள். கணக்கும் ஆங்கிலமும் வராமல் தவிக்கும் ஒரு பிள்ளையோடு, கோவில் மண்டபத்தில் எல்லாரும் பார்க்கும் இடத்தில், வாரம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எந்தச் சமயப் பிள்ளையானாலும் சரி.

தோமாவைத் தேடி வந்த ஆண்டவர் ஒருவருக்காகவே அந்த எட்டாம் நாளைச் செலவிட்டார். அந்த ஒருவர் கடல் கடந்து வந்து நம் மண்ணில் நம்பிக்கையை விதைத்தார் என்பது நம் மரபு. நம்மிடம் விடப்பட்டிருக்கிற ஒரு பிள்ளை நாளை யாருக்கு வழிகாட்டியாகும் என்று நமக்குத் தெரியாது. அந்த ஒரு பிள்ளையின் பெயரை இன்றைய செபத்தில் ஆண்டவரிடம் சொல்வோம்.

ஆண்டவரே, எங்கள் மூடிய கதவுகளுக்குள் வந்தவரே, பிறருடைய கதவைத் தட்டும் பொறுமையை எங்களுக்குத் தாரும். ஆமென்.