மலை ரெயிலில் ஊட்டி போக ஆசையா? உக்கடத்தில் நேரத்தை விடாதீங்க!

"ஏனுங்க, ஊட்டி பஸ் எங்கீங்க நிக்குது?"

விடுமுறை வந்தால் உக்கடம் பஸ் நிலையத்தில் இந்தக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. பழனி, பொள்ளாச்சி பக்கமிருந்து பெட்டியும் குழந்தைகளுமாக வந்து இறங்கும் குடும்பங்கள்தான் கேட்கின்றன.

"இங்க இல்லீங்க. மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க!"

டவுன் பஸ் பிடித்து ஊரைக் கடப்பதற்குள் வெயில் ஏறிவிடும். பஸ்சில் மலையேறுகிறவர்களுக்குப் பாதகமில்லை. மலை ரெயிலை நம்பி வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்! மேட்டுப்பாளையத்தில் அது காலை 7.10 மணிக்கே கிளம்பிவிடும். டிக்கெட் கையில் இருந்தும் பயனில்லை.

பல்சக்கர ரெயில்

டார்ஜிலிங் ரெயிலைப் போல இதுவும் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது, ஆண்டு 2005. ஆனால் அந்த இமயமலை ரெயிலுக்கு இல்லாத பல்சக்கரம் இதற்கு உண்டு. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே உள்ள பல்வரிசையைக் கவ்விக்கொண்டு, என்ஜின் பின்னால் இருந்து பெட்டிகளைத் தள்ளும். குன்னூர் வரை இப்படித்தான். ஊட்டிக்கு 46 கிலோ மீட்டர் ஏற சுமார் 5 மணி நேரம்!

விவரம் தெரிந்தவர்கள் முதல் நாள் இரவே மேட்டுப்பாளையம் போய்விடுகிறார்கள். இல்லாவிட்டால் சென்னையில் இருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரசை விடியுமுன் கோவை ஜங்ஷனில் பிடிக்கிறார்கள். உக்கடத்தில் இருந்து ஜங்ஷன் பக்கம்தான்.