பாசி அல்ல, பூச்செடி

கன்னியாகுமரி மாவட்டத்துக் காளிகேசம் ஓடையில் குளிக்க இறங்கும் பிள்ளைகளிடம், "பாசி கெடக்கும், பாத்துக் காலு வையி மக்கா" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. மேற்கு மலைத் தொடரின் ஓடைகளில் நாம் பாசி என்று ஒதுக்கிவிடும் கரும்பச்சைப் படலங்களில் சில பாசியே அல்ல. பூத்து, காய்த்து, விதை விடும் செடிகள் அவை.

தாவரவியலில் இந்தக் குடும்பத்தின் பெயர் பொடோஸ்டமேசி. உலகில் சுமார் 300 இனங்கள். இந்தியாவில் இருபதுக்கும் மேல், பெரும்பாலும் மேற்கு மலைத் தொடரில். பார்வைக்குச் சில கல்பாசி போலப் படர்ந்திருக்கும், சில நூல் நூலாய் நீரில் அலையும். மரபணு ஆய்வு சொல்லும் சொந்தமோ வேறு. நம் கடற்கரைப் புன்னையும், மீன்குழம்பில் போடும் குடம்புளியும் இவற்றுக்குப் பங்காளிகள்!

வேர் மண்ணுக்குள் போகும் என்ற பாடம் இங்கே செல்லாது. இவற்றில் பலவற்றின் வேர் பச்சை நிறத்தில் பாறைமேல் தட்டையாகப் படர்ந்து, இலையின் வேலையைத் தானே செய்கிறது. பாறையைத் துளைப்பதில்லை. செடி சுரக்கும் பசையும், பாறைமேல் படிந்த நுண்ணுயிர்ப் படலமும் சேர்ந்து, ஆளையே புரட்டும் வெள்ளத்திலும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன.

இலங்கையில் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஜே. சி. வில்லிஸ், 1902இல் இலங்கை, இந்தியாவின் பொடோஸ்டமேசி பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். ஒரே பாறை, ஒரே நீர், ஒரே வேகம். பிறகு எதற்கு இத்தனை வடிவங்கள் என்ற கேள்வி அவரை விடவில்லை. இயற்கைத் தேர்வு மட்டும் இதை விளக்காது என்றே அவர் வாதிட்டார். அந்தக் கேள்விக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போக இச்செடிகளுக்கு வழி குறைவு. அதனால் ஓரிரு ஆறுகளில் மட்டுமே வாழும் இனங்கள் இக்குடும்பத்தில் நிறைய. அகத்தியமலைத் தொடரின் கிழக்குப் பக்கத்தில், திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய இண்டோட்ரிஸ்டிகா திருநெல்வேலியானா என்ற இனமே உண்டு.

இவற்றின் வாழ்க்கை முழுவதும் நீர்மட்டத்தின் கணக்கில் ஓடுகிறது. மழைக்காலத்தில் நீருக்கடியில் வளர்ந்து மொட்டு வைக்கும். மழை ஓய்ந்து பாறை வெளியே தெரிந்ததும், சில நாட்களுக்குள் மலர்ந்து, காய்த்து, உடல் காய்ந்துபோகும். தூசி போன்ற விதைகள் பாறையில் விழும். ஈரம் பட்டதும் அவற்றின் தோல் பசையாகி ஒட்டிக்கொள்ளும். அடுத்த வெள்ளத்துக்குள் ஒட்டியவை பிழைக்கும், மற்றவை ஆற்றோடு போகும். தோவாளை வட்டத்து மலைகளுக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஆகவே ஓடைப் பாறைகள் நன்றாகத் தலைகாட்டுவது பெரும்பாலும் தை, மாசிக்குப் பிறகுதான்.

ஓடையில் இச்செடிகள் தனியாக இல்லை. நீர் வேகம் குறையும் ஓரங்களில், சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த லாஜினாண்ட்ராவும் கிரிப்டோகோரைனும் கிழங்கை மணலில் ஊன்றி நிற்கும். கரையில் ஈத்தைப் புதர் நிழல் தரும். பாறைப் படலத்துக்குள் நீர்ப்பூச்சிகளின் குஞ்சுகள் ஒதுங்கும்; அவற்றை மேய மீன் வரும். ஒரு முழம் தள்ளி வேகமோ ஆழமோ வெளிச்சமோ மாறினாலும் செடி மாறிவிடும். உலக்கை அருவி போன்ற ஓரிடத்தில் சாரல் படும் பாறையையும், கீழே நீர் தேங்கும் கசத்தையும் ஒப்பிட்டாலே இது விளங்கும்.

தேங்கிய நீரில் பொடோஸ்டமேசி வாழாது. 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்து, சானல்கள் வழியே நாஞ்சில் நாட்டு வயல்களுக்குத் தண்ணீர் வந்தது. அதனால் வந்த சோற்றை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அணைக்கு மேலே ஆறு குளமாகிறது. கீழே பூக்க வேண்டிய நேரத்தில் திறந்துவிடும் நீர் மொட்டை மூழ்கடிக்கிறது. மலைச்சரிவில் காட்டைத் திருத்தினால் மழையோடு இறங்கும் சேறு பாறையை மூடி, வெளிச்சத்தை மறைக்கும். ஓடையில் எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் அளப்பது போதாது. எந்த மாதத்தில் ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்பதையும் காப்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

கோடையில் காளிகேசம் போகிறவர்கள் சோப்பையும் எண்ணெயையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். பாறையில் காய்ந்து ஒட்டியிருக்கும் கரும்படலத்தைச் சுரண்டாதீர்கள். அடுத்த ஆண்டுக்கான விதை அதில்தான் இருக்கிறது.