கைவிட வேண்டும், தள்ளிப்போட முடியாது: ஆங்கில வினைச்சேர்க்கைக்கு ஒரு தமிழ் வழி

ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்பது கொடுத்தலையும் ‘அப்’ என்பது மேல்நோக்கிய திசையையும் குறிக்கும் சொற்கள். ஆனால் இரண்டும் சேர்ந்து ‘கிவ் அப்’ என்றாகும்போது, கைவிடு என்ற முற்றிலும் வேறான பொருள் பிறக்கிறது. இவ்வாறு ஓர் எளிய வினையும் இடத்தையோ திசையையோ காட்டும் ஒரு சிறுசொல்லும் இணைந்து, அவற்றின் தனிப்பொருள்களைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்காத புதுப்பொருளைத் தரும் சேர்க்கைக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்று பெயர். லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் வெளியிட்ட தமது நூலில் இப்பெயரை ஆண்டபோது, அதைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று குறித்தார். பெயர்தான் புதிது, வழக்கு அதைவிடப் பல நூற்றாண்டு பழையது.

இத்தகைய சேர்க்கைகளின் முன்னே வந்து நிற்கும் கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட், வில், வுட் முதலியவை மோடல் (நோக்குவினை) எனப்படும் துணைவினைகள். ஒரு செயல் நடந்ததைச் சொல்லாமல், அது நடக்க இயலுமா, நடந்தே ஆக வேண்டுமா, நடக்கக்கூடுமா என்று பேசுபவர் கொண்டுள்ள நோக்கைச் சொல்வது இவற்றின் வேலை. இவற்றுக்குப் பின்வரும் வினை, காலமோ இடமோ காட்டும் எந்த விகுதியும் ஏற்காமல், அகராதியில் காணப்படும் வெற்று வடிவிலேயே நிற்கும். ஃப்ரேசல் வெர்ப் வந்தாலும் விதி இதுவே. ‘ஹி கேன் கிவ் அப்’ என்பது சரி. ‘கேன் கிவ்ஸ் அப்’ என்பதும் ‘கேன் கேவ் அப்’ என்பதும் பிழை. கேன், மே, ஷல் ஆகியவை, இறந்தகால வடிவிலிருந்து நிகழ்காலப் பொருளுக்கு நகர்ந்துவிட்ட பழைய ஜெர்மானிய வினைகளின் வழிவந்தவை. இறந்தகால வடிவுக்கு ‘எஸ்’ விகுதி கிடையாது என்பதால்தான் ‘ஹி கேன்ஸ்’ என்று இன்றும் எவரும் சொல்வதில்லை.

கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் கோட்டையை விலைக்கு வாங்கி, அதற்குப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. ஆகவே இந்தக் கடற்கரைக்கு ஆங்கிலம் முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட விருந்தாளி. இருந்தும் கடலூர் மாவட்டத்தின் குறிஞ்சிப்பாடியிலோ சிதம்பரத்திலோ தமிழ்வழியில் படிக்கும் மாணவர் ‘மஸ்ட் டு கிவ் அப்’ என்று எழுதிவிடுவது அரிதன்று. இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்குவது நியாயமாகாது. ‘செய்ய’ என்பதற்கு ‘டு டூ’ என்று தொடக்க வகுப்பிலேயே மனத்தில் பதிந்துவிடுவதால், ‘கைவிட வேண்டும்’ என்பதிலுள்ள ‘கைவிட’ என்ற எச்சத்தைக் கண்டதும் ‘டு’ தானாக வந்து அமர்ந்துகொள்கிறது. ‘ஹேவ் டு’, ‘ஆட் டு’ ஆகியவை அந்த ‘டு’வைத் தம்மோடு வைத்திருப்பதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. தொல்காப்பியம் வகுத்த வினையெச்ச வாய்பாடுகளுள் ஒன்றான ‘செய’ என்னும் எச்சத்துக்கு, ஆங்கிலத்தில் ‘டு’ உள்ள வடிவமும் ‘டு’ இல்லாத வடிவமும் என இரண்டு இணைகள் உண்டு என்பதை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால், இப்பிழையில் பெரும்பகுதி மறைந்துவிடும்.

தமிழ் இலக்கணத்தின் துணை இங்கே இன்னும் ஆழமாகச் செல்கிறது. ஃப்ரேசல் வெர்ப் என்பது தமிழர்க்கு விளங்காத ஆங்கிலப் புதிர் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், தமிழே இத்தகைய சேர்க்கைகளால் நிறைந்த மொழி. மேற்கொள், உட்கொள், எதிர்கொள், வெளியிடு, முன்வை, பின்வாங்கு, கீழ்ப்படி ஆகிய ஒவ்வொன்றிலும் திசையோ இடமோ காட்டும் ஒரு சொல் வினையின் முன்னே ஒட்டிக்கொண்டு அதன் பொருளை மாற்றுகிறது. மேற்கொள்பவர் எதையும் மேலே கொள்வதில்லை, கீழ்ப்படிபவர் கீழே போய்ப் படிவதும் இல்லை. ஆங்கிலம் அச்சொல்லை வினைக்குப் பின்னே வைக்கிறது, தமிழ் முன்னே வைக்கிறது என்பதே வேறுபாடு. ‘பின்வாங்க மாட்டார்’ என்பதை ‘வில் நாட் பேக் அவுட்’ என்பதன் அருகே வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே சரக்கை எதிரெதிர் முனைகளிலிருந்து அடுக்கிய வண்டிகள் போலத் தோன்றும்: தமிழில் திசை காட்டும் சொல், வினை, நோக்குவினை; ஆங்கிலத்தில் நோக்குவினை, வினை, திசை காட்டும் சொல்.

வினையோடு வினை சேரும் இன்னொரு வகையும் தமிழில் உண்டு. தள்ளிப்போடு, ஏற்றுக்கொள், எழுந்திரு போன்றவற்றில் இரண்டாவது வினை தன் சொந்தப் பொருளை இழந்தோ குறைத்தோ துணையாக நிற்கிறது. துணைவினைகள் பற்றிய நவீன ஆய்வில் சிதம்பரத்துக்குத் தனியிடம் இருக்கிறது. 1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் துறை, தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், ச. அகத்தியலிங்கம் ஆகியோரின் தலைமையில் திராவிட மொழியாய்வின் முதன்மை மையமாக வளர்ந்தது. தமிழ்த் துணைவினைகளைப் பற்றி அகத்தியலிங்கம் 1960களிலேயே ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற இ. அண்ணாமலை, சிகாகோவில் முனைவர் பட்ட ஆய்வை முடித்தபின், தமிழ் வினை துணைவினைகளால் எவ்வாறு விரிகிறது என்பதை விளக்கும் நூலை 1985இல் வெளியிட்டார். கடலூருக்கு வடக்கே புதுச்சேரியில் 1989இல் வெளியான தாமஸ் லேமனின் தற்காலத் தமிழ் இலக்கணமும் இதே பொருளை விரிவாக ஆராய்கிறது. இவ்வளவு ஆய்வு அருகிலேயே நடந்திருக்க, பள்ளி மாணவர் கையில் கிடைப்பதோ பெரும்பாலும் மனப்பாடத்துக்கான ஃப்ரேசல் வெர்ப் பட்டியலும், அதிலிருந்து பிரிந்து வேறோர் இயலில் நிற்கும் மோடல் பட்டியலும்தான் என்பது வருந்தத்தக்க முரண்.

இரு மொழிகளின் நோக்குவினைகளையும் சேர்த்துப் பார்க்கும் கண்ணுக்கு வேறோர் ஒற்றுமையும் புலப்படும். நான், நீ, அவன், அவர்கள் என எழுவாய் எதுவாயினும் ‘மஸ்ட்’ மாறுவதில்லை. ‘வேண்டும்’ என்பதும் மாறுவதில்லை. முடியும், கூடும் ஆகியவையும் அப்படியே. ‘மாட்டேன், மாட்டாய், மாட்டான்’ என்று விகுதி ஏற்கும் ‘மாட்டு’ மட்டும் விலகி நிற்கிறது. குறிஞ்சிப்பாடிக் கைத்தறி நெசவாளர் ‘தறியைக் கைவிட முடியாது’ என்று சொல்லும்போது, ஆங்கிலத்தின் ‘கேனாட் கிவ் அப்’ என்ற அமைப்பு முழுவதும் அவர் வாய்மொழியிலேயே இருக்கிறது.

தமிழ் துணைக்கு வராத இடம் ஒன்று உண்டு. ‘அதை’ என்ற சொல் தமிழில் வினைக்கு முன்னரே வந்துவிடுவதால் ‘கைவிடு’ பிளவுபடுவதில்லை. ஆங்கிலத்திலோ ‘இட்’ போன்ற சுட்டுப்பெயர் வினைக்கும் சிறுசொல்லுக்கும் நடுவே புகுந்தாக வேண்டும். ‘யூ மஸ்ட் கிவ் இட் அப்’ என்பதே முறை. ‘கிவ் அப் இட்’ என்பது வழு. முழுப் பெயர்ச்சொல்லாயின் நடுவிலும் வரலாம், இறுதியிலும் வரலாம். ஆனால் கவனித்துக்கொள் என்று பொருள்படும் ‘லுக் ஆஃப்டர்’ போன்றவை பிளவுபடாதவை. ‘ஷுட் லுக் ஆஃப்டர் ஹெர்’ என்றே எழுத வேண்டும். எது பிரியும், எது பிரியாது என்பதை ஒவ்வொன்றாகப் படித்தும் கேட்டும் பழகுவதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

செயப்பாட்டு வினையில் தமிழ் மீண்டும் கைகொடுக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தாக்கிய கடலூர் மாவட்டத்தில், வடகிழக்குப் பருவமழைக் காலமென்றால் தேர்வு நடக்குமா என்ற கேள்வியும் கூடவே எழும். அறிவிப்பில் வரும் ‘தள்ளிவைக்கப்படலாம்’ என்பது ‘மே பீ புட் ஆஃப்’; ‘தள்ளிவைக்கப்படும்’ என்பது ‘வில் பீ புட் ஆஃப்’. முன்னதைப் படித்த மாணவர் புத்தகத்தை மூடக் கூடாது, பின்னதைப் படித்தவர் மூடலாம். ‘மே பீ கால்ட் ஆஃப்’ என்று வந்தால், அது தள்ளிவைப்பைக் குறிக்காமல் ரத்தாகக்கூடும் என்பதைக் குறிக்கும்.

நடந்து முடிந்ததைப் பற்றிய நோக்கைச் சொல்ல ஆங்கிலம் மோடலுக்குப் பின் ‘ஹேவ்’ சேர்க்கிறது. தமிழ் ‘இரு’ என்ற துணைவினையைச் சேர்க்கிறது. ‘கைவிட்டிருக்க வேண்டும்’ என்ற தொடர் இதற்கு நேரானது எனினும், அதற்குள் இரண்டு பொருள்கள் தங்கியிருக்கின்றன. தறி ஓசை கேட்கவில்லை, ஆகவே தொழிலை விட்டுவிட்டார் போலும் என்ற ஊகம் ஒன்று. அப்போதே விட்டிருந்தால் நல்லது, விடாமல் போனாரே என்ற குறை மற்றொன்று. முதலாவதற்கு ‘மஸ்ட் ஹேவ் கிவன் அப்’, இரண்டாவதற்கு ‘ஷுட் ஹேவ் கிவன் அப்’ என்று ஆங்கிலம் இரண்டு தனி வடிவங்களை வைத்திருப்பதால், தமிழில் நினைத்து எழுதும் மாணவர் முதலில் தாம் சொல்ல வந்தது ஊகமா, குறையா என்று முடிவு செய்துகொண்டாக வேண்டும். எதிர்மறைக்குப் போனால் தமிழும் பிரித்துவிடுகிறது: ஊகமாயின் ‘கைவிட்டிருக்க முடியாது’, குறையாயின் ‘கைவிட்டிருக்கக் கூடாது’; ஆங்கிலத்தில் முறையே ‘கேனாட் ஹேவ் கிவன் அப்’, ‘ஷுட் நாட் ஹேவ் கிவன் அப்’.